எலியில் வந்த கட்டி யாருடையது? யாழ்ப்பாணத்தில் ஆய்வு தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

நிர்ப்பீடனக் குறைபாடுள்ள சுண்டெலிகளில் வரும் கட்டிகளை வைத்து எம்.பில் செய்யப் பதிந்துவிட்டு, அடுத்து யாரிடம் போவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே இதைச் செய்து முடிக்கலாம். நான் தொடங்கியபோது எந்தக் கடிதம் முந்தியது, எந்தப் பரிசோதனைக்குக் காசு செலவழிக்கக் கூடாது என்று சொல்லித்தர ஒருவரும் இருக்கவில்லை. நீங்களும் அப்படி அலைய வேண்டியதில்லை.

தொடங்கமுன் ஒரு விஷயத்தை மனதில் இருத்துங்கள். சுண்டெலியின் டி.என்.ஏயில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு பழைய ரெட்ரோவைரஸ்களின், அதாவது தம் பிரதியைக் கலத்தின் டி.என்.ஏக்குள் செருகும் வைரஸ்களின், மிச்சம். தாய் தகப்பனிடமிருந்து குட்டிக்கு வரும் இவற்றை உள்ளுறை ரெட்ரோவைரஸ் என்கிறோம். பெரும்பாலானவை உடைந்தவை, அடங்கிக் கிடப்பவை. நிர்ப்பீடனம் இல்லாத எலியில் சில மறுபடி எழும்பும், எழும்பினால் கட்டியும் வரும். ஆகவே கட்டி வந்த எலியைக் கண்டவுடன் ஊசியேற்றிய புற்றுக்கலமோ, நீக்கிய பரம்பரையலகோ, கொடுத்த மருந்தோதான் காரணம் என்று எழுத முடியாது. கீழே வரும் படிகள் எல்லாம் அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கத்தான்.

1. எலியின் முழுப்பெயரைக் கேட்டு எழுதுங்கள்

‘ஸ்கிட் எலி’ என்று மட்டும் முன்மொழிவில் எழுதினால் போதாது. ஸ்கிட் என்பது டி, பி நிர்ப்பீடனக் கலங்களை உருவாகவிடாத, 16ஆம் நிறமூர்த்தத்தில் உள்ள ஒரு பிறழ்வு. அந்தப் பிறழ்வு எந்தக் குலத்து எலியில் இருக்கிறது என்பதைப் பொறுத்து உங்கள் முடிவே மாறும்.

நொட் என்ற நீரிழிவு எலிக்குலத்தில் இந்தப் பிறழ்வு உள்ள நொட்-ஸ்கிட் எலியை எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கு ஈ.எம்.வி-30 என்ற உள்ளுறை வைரஸ் சொந்தமாக உண்டு. நெஞ்சில் உள்ள தைமஸ் சுரப்பியில் லிம்போமா (நிணநீர்க் கலப் புற்று) தானாகவே அடிக்கடி வரும். சராசரி ஆயுள் எட்டரை மாதமளவுதான். ஆறேழு மாதம் ஓடும் ஒரு பரிசோதனையை இந்த எலியில் திட்டமிட்டால், கட்டுப்பாட்டுக் குழுவிலும் கட்டி வரும், பிறகு எதை எதோடு ஒப்பிடுவது? என்.எஸ்.ஜி எலியும் அதே நொட் பின்னணிதான். ஆனால் அதில் நிர்ப்பீடனக் கலங்கள் வளரத் தேவையான இன்டர்லூக்கின்-2 ஏற்பியின் காமாச் சங்கிலியும் இல்லை. தைமஸ் லிம்போமா அதில் அரிது, 16 மாதங்களுக்கு மேலும் உயிரோடு இருக்கும். நீண்ட ஆய்வுக்கு அதுதான் பொருத்தம்.

சி57 பிளாக் 6 எலிக்கு எக்கோட்ரோப்பிக் (எலிக் கலங்களை மட்டும் தொற்றும்) வகை உள்ளுறை வைரஸ் ஒன்றே ஒன்றுதான், ஈ.எம்.வி-2. அதுவும் பிறழ்வால் பெருக முடியாதது. ஆனால் அதே எலியில் ராக்1 பரம்பரையலகை நீக்கிப் பிறபொருளெதிரி இல்லாமல் செய்தால், ஈ.எம்.வி-2 வேறு உள்ளுறை வைரஸ்களின் துண்டுகளோடு மீளச்சேர்ந்து குறையைத் திருத்திக்கொண்டு தொற்றும் வைரஸாக மாறும் என்று லண்டனில் ஜோர்ஜ் கசியோட்டிஸ் குழு 2012இல் காட்டியது. அந்தக் குலக்கூட்டத்தில் வைரஸ் பரவி லிம்போமா வந்தது. குடல் நுண்ணுயிர்களை மாற்றும் வேறு வளர்ப்புமுறையில் இருந்த எலிகளுக்கு அந்த நோய் வரவில்லை. அதே ஆண்டில் இன்னொரு குழு, நுண்ணுயிர்களை உணரும் டோல் ஏற்பிகள் 3, 7, 9 மூன்றும் இல்லாத எலிகளில் உள்ளுறை வைரஸ் இரத்தத்தில் பெருகி டி-கல இரத்தப்புற்று வருவதைக் காட்டியது.

நியூட் எலிக்குத் தைமஸ் இல்லை. மனிதக் கட்டிகளை வளர்க்க மலிவான தெரிவு. ஆனால் அதில் வளர்த்த மனிதக் கலங்களுக்குள் எலி வைரஸ் புகுந்துவிட வாய்ப்பு உண்டு. அதைப் பற்றி ஆறாம் படியில் சொல்கிறேன்.

2. எலி வாங்கும் எண்ணத்தை விடுங்கள்

இதில் நான் கடுமையாகவே சொல்கிறேன். ஒரு என்.எஸ்.ஜி எலியின் விலை 100 அமெரிக்க டொலருக்கு மேல். அந்த விலையைப் பார்த்து ‘இருபது எலி எடுக்கலாமே’ என்று கணக்குப் போடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். எலியின் விலை செலவில் சிறு பங்குதான். விமானத்தில் உயிருள்ள விலங்கு கொண்டுவரும் கட்டணம், இறக்குமதி அனுமதி, தனிமைப்படுத்தல், வடிகட்டிய காற்று வரும் தனிக் கூண்டுகள், ஓட்டோகிளேவ் செய்த தீவனமும் படுக்கையும் தண்ணீரும், இரவும் பகலும் நிற்காத குளிரூட்டி, கரண்ட் போனால் உடனே எடுக்கும் ஜெனரேட்டர் என்று எல்லாம் பின்னால் வரும். சித்திரை வெயிலில் கரண்ட் போய் அறை சூடேறினால் ஒரு பிற்பகலில் முழுக் கூட்டமும் போய்விடும். நிர்ப்பீடனம் இல்லாத உயிரை அப்படி வைத்திருப்பது அறமும் இல்லை.

கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம் போன்ற இடங்களில் ஆய்வு விலங்குகள் வளர்க்கிறார்கள். அவை சாதாரண எலிகள். சாதாரண எலியில் செய்யக்கூடிய வேலைக்கு அவை நல்லவை. உங்கள் கேள்விக்கு அவை பொருந்தாது.

எலி வளர்க்கும் வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றிடம் இழையமும் டி.என்.ஏயும் கேட்டு வாங்குவதும், ஏற்கெனவே பொதுவில் உள்ள வரிசைத் தரவை எடுத்துப் பார்ப்பதும் எங்களுக்குக் கைகூடும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் நல்ல எம்.பில் வரும். தரவுக்குக் காசு இல்லை. இழையத்துக்கு அனுப்பும் செலவும் பத்திரச் செலவும் மட்டும்.

3. இழையம் கேட்கும் கடிதம்

பேராசிரியருக்கு நீங்கள் நேரே எழுதாதீர்கள். உங்கள் மேற்பார்வையாளரின் பல்கலைக்கழக மின்னஞ்சலிலிருந்து போகட்டும். உங்கள் பெயர் பிரதியில் இருந்தால் போதும். ஜிமெயிலிலிருந்து வரும் கடிதத்துக்குப் பதில் வருவது அபூர்வம்.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. எத்தனை எலியிலிருந்து, எந்த இழையம், எந்த வடிவில் வேண்டும் என்று எண்ணோடு எழுதுங்கள். அதோடு இவற்றையும் கேளுங்கள்: குலத்தின் முழுப்பெயர், எத்தனையாவது தலைமுறை, எலிக்குக் கொடுத்த தண்ணீர் அமிலமூட்டியதா சாதாரணமா, எந்தத் தீவனம், அன்ரிபயோற்றிக் கொடுத்தார்களா, கூட்டத்தின் கடைசிச் சுகாதார அறிக்கை, எலி இறந்த வயது. தண்ணீரைப் பற்றிக் கேட்டால் சிலர் ஆச்சரியப்படுவார்கள். தண்ணீரும் தீவனமும் அன்ரிபயோற்றிக்கும் குடல் நுண்ணுயிர்களை மாற்றும், முதலாம் படியில் சொன்னபடி அதோடு வைரஸும் மாறலாம், ஆகவே அது கட்டாயம். இந்த விபரம் இல்லாமல் வந்த இழையத்தை வைத்து வைரஸைப் பற்றி ஒன்றும் உறுதியாகச் சொல்ல முடியாது.

கட்டுப்பாட்டு இழையம் கேட்க மறந்துவிடாதீர்கள். ஒரே குலம், ஒரே வயது, ஒரே அறை, கட்டி இல்லாத எலி. இதைப் பிறகு கேட்டால் எலி இருக்காது.

4. ஆவணங்கள்: எது முதலில்

இந்த வரிசையை மாற்றினால் மாதங்கள் போகும்.

முதலில் அறநெறிக் குழு. ‘நான் எலியைத் தொடவே இல்லை, எனக்கு எதற்கு அனுமதி’ என்று விடக்கூடாது. தேவையில்லை என்றால் தேவையில்லை என்று குழு எழுத்தில் தரும் கடிதம் உங்களுக்கு வேண்டும். சஞ்சிகைகள் அதைக் கேட்கும். இழையம் தரும் ஆய்வுகூடத்தின் விலங்கு அனுமதி இலக்கத்தையும் அவர்களிடம் வாங்கி விண்ணப்பத்தோடு இணையுங்கள். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையிலோ யாழ் போதனா வைத்தியசாலையிலோ இருந்து மனித இழையமும் எடுக்கப் போகிறீர்கள் என்றால் அது வேறு விண்ணப்பம். மனித ஆய்வுக்கான குழு, வைத்தியசாலைப் பணிப்பாளரின் அனுமதி, நோயாளியின் தமிழ் ஒப்புதல் படிவம் மூன்றும் வேண்டும். குழு கூடும் திகதியை விசாரித்து, அதற்கு இரண்டு கிழமை முன்னரே பிரதிகளைக் கொடுத்துவிடுங்கள். ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் அடுத்ததுக்குக் காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, பொருள் பரிமாற்ற உடன்படிக்கை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் தன் படிவத்தை அனுப்பும். இங்கே மாணவரோ மேற்பார்வையாளரோ கையெழுத்து வைத்தால் செல்லாது. பல்கலைக்கழகத்தின் பெயரில் ஒப்பமிட அதிகாரம் உள்ளவர் வைக்க வேண்டும். படிவம் பீடாதிபதி அலுவலகத்திலிருந்து நிருவாகத்துக்குப் போய், சட்ட ஆலோசனைக்குப் போய்த் திரும்பும். இந்த ஒரு தாள்தான் எல்லாவற்றிலும் நீண்ட காலம் எடுக்கும். ஆகவே அறநெறி விண்ணப்பம் போட்ட அன்றே இதையும் தொடங்குங்கள். ஒப்பமிடமுன் இரண்டு வரிகளைத் தேடி வாசியுங்கள்: இழையத்தை மூன்றாம் ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாமா, முடிவை வெளியிட அவர்களின் சம்மதம் வேண்டுமா. வரிசைப்படுத்தலை வெளியில் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் முதல் வரி உங்களைக் கட்டிப்போடும். அதை முன்கூட்டியே திருத்தக் கேட்கலாம், பெரும்பாலும் திருத்தித் தருவார்கள்.

மூன்றாவது, இறக்குமதி அனுமதி. விலங்குப் பொருள் என்பதால் பேராதனை கெட்டம்பேயில் உள்ள விலங்கு உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்திடம் முதலே எழுதிக் கேளுங்கள். முன்மொழிவின் சுருக்கம், உடன்படிக்கையின் பிரதி, அனுப்புபவரின் ‘தொற்றாத பொருள்’ உறுதிக்கடிதம், எத்தனை குழாய், எந்தத் திரவத்தில் என்ற பட்டியல் ஆகியவற்றை இணையுங்கள். பெட்டி புறப்பட்ட பிறகு அனுமதி கேட்பது பெரிய பிழை. அனுமதி கைக்கு வரும்வரை பெட்டி புறப்படக்கூடாது.

நான்காவது, சுங்கத்துக்கான கடிதம். பல்கலைக்கழகக் கடிதத்தாளில், விற்பனைக்கல்ல, ஆய்வுக்கு மட்டும் என்று எழுதி, பெறுமதியைச் சிறு தொகையாக ஆனால் பூச்சியம் இல்லாமல் போடச் சொல்லுங்கள். பூச்சியம் என்று போட்ட பெட்டிதான் திறந்து கேள்வி கேட்கப்படும்.

ஊருக்கு வரும் உறவினரின் பையில் குழாய்களைப் போட்டுக் கொண்டுவரச் சொல்லும் யோசனை எல்லாருக்கும் ஒருமுறை வரும். வேண்டாம். பத்திரம் இல்லாமல் வந்த இழையத்தில் கண்டுபிடித்ததை நீங்கள் எங்கேயும் வெளியிட முடியாது, கொண்டுவந்தவருக்கும் சங்கடம்.

5. பெட்டி வரும் நாள்

எந்த வடிவில் கேட்பது என்பதில்தான் காசு மிச்சமாகும். இழையத்தைப் பரபின் மெழுகில் பதித்த துண்டங்களும் சுத்திகரித்த டி.என்.ஏயும் சாதாரண வெப்பநிலையில் வரலாம், கூரியர் கட்டணமும் குறைவு. ஆர்.என்.ஏ வேண்டுமென்றால் இழையத்தை ஆர்.என்.ஏ லேற்றர் திரவத்தில் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். அது 25 பாகையில் ஒரு கிழமை தாங்கும், 37 பாகையில் ஒரு நாள்தான் தாங்கும். கட்டுநாயக்கவிலிருந்து ஏ9 வீதியால் பகலில் வரும் வாகனத்தின் பின்பக்கம் எந்த வெப்பத்தில் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஜெல் குளிர்ப்பொதியோடு இரவு வாகனத்தில் கொண்டுவாருங்கள். உறைந்த இழையம் ட்ரை ஐஸில்தான் வரவேண்டும் என்றால் கொழும்பில் ஒருவர் ட்ரை ஐஸ் நிரப்பித்தர ஒழுங்கு இருக்க வேண்டும்.

எனக்கு வந்த ஒரு பெட்டியை முகவர் ஒருவர் வெள்ளி மாலை களஞ்சியத்தில் விட்டுவிட்டார். திங்கள் போயா. செவ்வாய் திறந்தபோது ட்ரை ஐஸ் இருந்த இடத்தில் வெறும் ஈரமான அட்டை, குழாய்களின் மூடியைச் சுற்றி இளஞ்சிவப்பு நீர். அதிலிருந்து ஆர்.என்.ஏ ஒன்றும் எடுக்க முடியவில்லை. ஆகவே கலண்டரைப் பார்த்து, போயா இல்லாத கிழமையில் செவ்வாய்க்குள் கட்டுநாயக்க வந்து சேரும்படி அனுப்பச் சொல்லுங்கள். சித்திரைப் புத்தாண்டுக் கிழமையும் டிசம்பர் கடைசியும் கூடவே கூடாது. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் இங்கே ஆள் பிடிப்பதும் கஷ்டம்.

6. பரிசோதனைகள்: மலிவானது முதல்

*கண்ணாடித் தட்டு.* முதலில் சாதாரண நிறமூட்டலில் நோயியல் நிபுணர் ஒருவரிடம் காட்டுங்கள். தைமஸ் லிம்போமா நெஞ்சுக்குள் வரும். எலி முதுகை வளைத்துக்கொண்டு வேகமாக மூச்சுவாங்கும். திறந்தால் இதயத்துக்கு மேல் வெண்மஞ்சள் நிறக் கட்டி நுரையீரலை ஒருபக்கம் தள்ளியபடி இருக்கும். விலாவில் ஊசியேற்றிய மனிதக் கட்டி அங்கே போய் முளைப்பதில்லை. இழையம் அனுப்பியவரிடம் பிரேதப் பரிசோதனைப் படம் கேட்டால், பாதிக் கேள்வி அப்போதே தீர்ந்துவிடும்.

*மனிதக் கலமா, எலிக் கலமா.* சி.டி.45 என்பது வெண்குருதிக் கலங்களின் மேற்பரப்பில் உள்ள புரதம். மனித சி.டி.45, எலி சி.டி.45 இரண்டுக்கும் நிறமூட்டுங்கள். மனிதக் கட்டியை என்.எஸ்.ஜி எலிக்கு மாற்றியபோது வந்தது மனித பி-கல லிம்போமாவாக இருந்தால், எலி வைரஸைத் தேடமுன் எப்ஸ்டீன்-பார் வைரஸைத் தேடுங்கள். நோயாளியின் கட்டியோடு ஒட்டிவந்த பி-கலங்களில் உறங்கிக் கிடந்த அந்த வைரஸ், நிர்ப்பீடனம் இல்லாத எலியில் கட்டியாக வளர்வது அடிக்கடி நடப்பது.

*டி.என்.ஏ பி.சி.ஆர்.* தேடும் டி.என்.ஏத் துண்டைப் பெருக்கிப் பட்டையாகக் காட்டும் முறை இது. புதியவர்கள் அதிகம் காசைக் கொட்டும் இடமும் இதுதான். எலி இழையத்தின் டி.என்.ஏயில் உள்ளுறை வைரஸைத் தேடிப் பி.சி.ஆர் போட்டால் எப்போதும் நேர்விடைதான் வரும். வராமல் எப்படி? அது ஒவ்வொரு கலத்திலும் பிறப்பிலேயே இருக்கிறது. எலி இழையத்தில் பார்க்க வேண்டியது ஆர்.என்.ஏ. டி.என்.ஏஸ் நொதியால் டி.என்.ஏயை அழித்துவிட்டு, ஆர்.என்.ஏயை டி.என்.ஏயாக மாற்றும் தலைகீழ் நகலாக்க நொதி சேர்க்காத குழாயொன்றையும் பக்கத்தில் ஓட்டுங்கள். அந்தக் குழாயிலும் பட்டை தெரிந்தால் நீங்கள் பார்ப்பது எலியின் சொந்த டி.என்.ஏ.

மனிதக் கலங்களில் எலி வைரஸைத் தேடும்போது சிக்கல் வேறு. அறையில் இருக்கும் எலி டி.என்.ஏயின் ஒரு துளி போதும் பொய்விடை தர. ஆகவே ஐ.ஏ.பி என்ற எலித் தொடருக்கும் அதே மாதிரியில் பி.சி.ஆர் போடுங்கள். அது எலியின் மரபணுத்தொகுதியில் ஆயிரமளவு பிரதியாக இருப்பதால் மிகச் சிறு மாசையும் காட்டிவிடும். வைரஸ் தெரிந்து ஐ.ஏ.பி தெரியாவிட்டால் மட்டும் மேலே போங்கள். தண்ணீர் மட்டும் இட்ட குழாயிலும் மெல்லிய பட்டை வந்தால் உங்கள் கையைச் சந்தேகிக்கமுன் நொதியைப் பாருங்கள். சூடாக்கினால்தான் வேலைசெய்யும் சில ஹொட் ஸ்டார்ட் நொதிகளில் எலிக் கலங்களில் செய்த பிறபொருளெதிரி சேர்த்திருக்கும், அதோடு எலி டி.என்.ஏயும் வந்துவிடும். வேதியியல் முறையில் பூட்டிய நொதியை வாங்குங்கள்.

எக்ஸ்.எம்.ஆர்.வி கதை இதற்குச் சாட்சி. முன்னிற்கும் சுரப்பிப் புற்றிலும் நாட்பட்ட களைப்பு நோயிலும் மனித வைரஸாகக் கருதப்பட்ட அது, மனிதக் கட்டியொன்றை நியூட் எலிகளில் மாற்றி மாற்றி வளர்த்தபோது இரு எலி உள்ளுறை வைரஸ்கள் மீளச்சேர்ந்து உண்டானது என்று 2011இல் தெரியவந்தது. களைப்பு நோய்க் கட்டுரை அதே ஆண்டில் மீளப்பெறப்பட்டது. 22ஆர்வி1 கலவரிசையில் அந்த வைரஸ் இன்றும் வெளிவருகிறது. அந்தக் கலத்தை வைத்திருக்கும் இன்குபேட்டரில் வேறு மனிதக் கலத்தை வைக்காதீர்கள்.

*புதிய செருகல்.* வைரஸின் ஆர்.என்.ஏ கூடியிருக்கிறது என்பதால் மட்டும் அதுதான் கட்டியை உண்டாக்கியது என்று எழுத முடியாது. புற்றுக்கலத்தில் உள்ளுறை வைரஸ்கள் சும்மாவும் சத்தமிடும். வைரஸ்களை அடக்கிவைக்கும் டி.என்.ஏ மெதைலேற்றத்தைக் குறைக்கும் டெசிற்றபீன் போன்ற மருந்தும் அவற்றை எழுப்பும். வைரஸ்தான் காரணம் என்று சொல்லக் கட்டிக் கலங்கள் எல்லாவற்றிலும் டி.என்.ஏயின் ஒரே இடத்தில் அமைந்த, கட்டியில்லாத இழையமான வாலில் இல்லாத, புதிய வைரஸ் பிரதி வேண்டும். மிக் போன்ற புற்றுப் பரம்பரையலகின் அருகே அது இருந்தால் வாதம் உறுதியாகும். பிளாக் 6 எலியில் ஈ.எம்.வி-2 ஒன்றே என்பதால், டி.என்.ஏயை வெட்டி வைரஸ் உள்ள துண்டுகளைப் பட்டையாகக் காட்டும் சதர்ன் பிளொட்டில் கூடுதலாக வரும் பட்டை தெளிவாகத் தெரியும். ஆகவே கட்டியோடு அதே எலியின் வாலையும் கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

மூலிகைச் சாறு கொடுத்த எலிகளில் கட்டி சுருங்கியதைப் பார்க்கும் ஆய்வுகள் எங்கள் பக்கம் நிறைய நடக்கின்றன. அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாயால் கொடுக்கும் சாறு குடல் நுண்ணுயிர்களை மாற்றும். பிறபொருளெதிரி இல்லாத எலியில் குடல் மாறினால் வைரஸும் மாறக்கூடும். சாறு கொடுத்த குழுவிலும் கொடுக்காத குழுவிலும் வைரஸ் ஆர்.என்.ஏயை அளந்துவிட்டு முடிவு எழுதுங்கள். பி-16, சி.ரி-26 போன்ற எலிக் கட்டிக் கலங்களைப் பயன்படுத்தினால் அவையே உள்ளுறை வைரஸின் உறைப்புரதத்தை வெளிக்காட்டுபவை என்பதையும் கணக்கில் எடுங்கள்.

7. பொதுத் தரவு

பத்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கும் மாதங்களில் இதைச் செய்யுங்கள். ஜியோ, எஸ்.ஆர்.ஏ களஞ்சியங்களில் ராக்1, நொட்-ஸ்கிட், என்.எஸ்.ஜி எலிகளின் ஆர்.என்.ஏ வரிசைத் தரவு இலவசமாக இருக்கிறது. உங்கள் மடிக்கணினி போதாது. வரிசைத் துண்டுகளை மரபணுத்தொகுதியோடு பொருத்தும் ஸ்டார் மென்பொருளுக்கு எலியின் மரபணுத்தொகுதிக்கே 30 ஜிகாபைட் அளவு நினைவகம் வேண்டும். கலக்ஸி என்ற இலவசத் தளத்தில் பதிந்தால் 250 ஜிகாபைட் இடம் தருவார்கள், வேலை அவர்களின் கணினியில் ஓடும். கரண்ட் போனாலும் பரவாயில்லை.

பெரிய பொறி ஒன்று: வழமையான அமைப்பில், பல இடங்களில் பொருந்தும் வரிசைத் துண்டுகளை (சுருக்கமாக வரிகளை) மென்பொருள் தூக்கி எறிந்துவிடும். உள்ளுறை வைரஸ்களின் வரிகள் எல்லாம் அப்படித்தான். ‘குமார்’ என்று கூப்பிட்டால் வகுப்பில் பத்துப் பேர் எழும்புவதுபோல. அந்த அமைப்பை மாற்றிவிட்டு, டி.ஈ. ட்ரான்ஸ்கிரிப்ட்ஸ் அல்லது டெலஸ்கோப் மென்பொருளால் எண்ணுங்கள். மனிதக் கட்டி எலியில் வளர்ந்த தரவு என்றால், முதலில் மனித வரிகளையும் எலி வரிகளையும் பிரித்துவிடுங்கள்.

8. காலக்கணக்கு

அறநெறிக்கும் உடன்படிக்கைக்கும் சேர்த்து அரை ஆண்டை ஒதுக்குங்கள். குறைவாக எடுத்தால் நல்லது. இறக்குமதி அனுமதிக்கு அதன்பின் ஓரிரு மாதம். நுண்வேதிப் பொருட்களை உடன்படிக்கை ஒப்பமிட்டவுடனேயே கொள்வனவுப் பிரிவில் போட்டுவிடுங்கள். விலைமனுக்கள் டொலர் மாற்றத்தோடு காலாவதியாகும், மறுபடி வாங்கச் சொல்வார்கள். ஒவ்வொரு விலைமனுவிலும் எதுவரை செல்லுபடியாகும் என்ற திகதியைக் கேட்டு எழுத வையுங்கள். வரிசைப்படுத்தலுக்கு அனுப்பும் மாதிரிகளை ஒரே தொகுதியாக அனுப்புங்கள், துண்டு துண்டாக அனுப்பினால் ஒவ்வொரு முறையும் அனுப்பும் செலவு.

ஆய்வேட்டின் முறையியல் பகுதியில் எலியின் முழுப்பெயர், வயது, தண்ணீர், தீவனம், கூட்டம் ஐந்தையும் ஒரு அட்டவணையில் போடுங்கள். வைரஸைத் தேடி இல்லை என்று வந்திருந்தாலும், எந்த முறையில் தேடினீர்கள், எந்தக் கட்டுப்பாட்டோடு தேடினீர்கள் என்று எழுதுங்கள். மிஞ்சிய டி.என்.ஏயை எலி இலக்கத்தோடு மைனஸ் 20இல் வைத்துவிட்டு, அந்தப் பட்டியலின் பிரதியைத் துறையில் ஒப்படையுங்கள். அடுத்த தொகுதி மாணவர் அதே உடன்படிக்கையின் கீழ் அதைப் பயன்படுத்தலாமா என்பதையும் இழையம் தந்தவரிடம் ஒரு மின்னஞ்சலில் கேட்டு, பதிலைக் கோப்பில் இணைத்துவிடுங்கள்.